மூடி போட்டிருந்தது

செந்தூல் பாசார் பின்வரிசை.
மழை நின்று பத்து நிமிடம்தான்.
மோட்டாரை நிறுத்திவிட்டு மேலே ஏறினேன்,
படியெங்கும் அச்சு மை வாடை.

பதாகைக் கடை. தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
தண்ணீர்ப் பந்தல்களின் பெயரெல்லாம்
தரையில் சுருண்டு கிடந்தன.
தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும்.
ஒரு முருகன் முகத்தை மிதிக்கப் போய்
காலை இழுத்துக்கொண்டேன்.

புஷ்பநாதன் மேசையில் திரை இரண்டு.
இடதில் வேலை.
வலதில் காகிதம்.
நிஜமாகவே காகிதம்:
மஞ்சள் சீட்டு, பச்சைச் சீட்டு, மின்கட்டணம்,
‘பத்துக்கு நாலு, அங்காளம்மன், வியாழன் காலை’,
‘தவுக்கே பாக்கி 180’,
மகளுக்குப் பல் டாக்டர் தேதி.
அதற்கெல்லாம் பின்னால்
இருபத்தேழு அங்குலக் கறுப்பு.

“வாங்குன அன்னிக்கே இப்படித்தாம்மா.
சிக்னல் இல்லன்னு ஒரு தடவ சொல்லும்,
அப்புறம் தூங்கிடும்.
எட்டு மாசமாச்சு.
சும்மா நிக்கிதேன்னு சீட்டு ஒட்டிட்டேன்.”

மேசைக்கடியில் படுத்து
பெட்டியின் முதுகில் விளக்கடித்தேன்.
முதுகில் இரண்டு குடித்தனம்.
மேல் வீட்டில் கீபோர்டு, மௌஸ், ஸ்பீக்கர்,
கூட ஒரு எச்டிஎம்ஐ.
கீழ் வீடு தனி; குறுக்கே படுத்த கிராபிக்ஸ் கார்டு,
அதற்கென்று மூன்று வாசல்.
கார்டு குடிவந்த நாளிலிருந்து
மேல் வீட்டு எச்டிஎம்ஐக்குப் பேச்சுமூச்சில்லை.
கம்பி மட்டும் கச்சிதமாய்ப் பொருந்தும்.
எட்டு மாதமும் பொருந்தித்தான் இருந்தது.

கீழே மூன்றில் ஒன்று இடது திரைக்கு.
மற்ற இரண்டுக்கும் கறுப்பு ரப்பர் மூடி,
சுண்டுவிரல் நகமளவு.

“ஏண்ணே, இதுல மாட்டிப் பார்க்கலியா?”

“மூடி போட்டிருந்திச்சேம்மா.
மூடி வச்சிருந்தா
நமக்கில்லன்னுதானே அர்த்தம்.”

நான் பதில் சொல்லவில்லை.
தூசி மூக்கில் ஏறியதும் ஒரு காரணம்.

இம்பியில் நான் முதலில் சேர்ந்த கடையில்
பழுது பார்க்கும் அறைக்கதவு சாத்தியே இருக்கும்.
ஒன்றரை வருஷம் முன்னால் நின்று
மௌஸ் விரிப்பு விற்றேன்.
ஒருநாள் முதலாளி திருப்புளி கேட்டார், தள்ளினேன்.
பூட்டே இல்லை.

நகத்தால் நெம்பினேன்.
ஒரு மூலை வெட்டுப்பட்ட வாசல்,
அவர் கம்பி அதில் போகாது.
என் பையில் டிஸ்பிளே போர்ட் கம்பி ஒன்று இருந்தது.
க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்தினேன்.

மேலே அவர் மூச்சை இழுத்தது கேட்டது.

எழுந்து பார்த்தால்
சீட்டெல்லாம் எரிகிறது.
முதுகிலிருந்து வெளிச்சம் வாங்கி
மஞ்சள் இன்னும் மஞ்சளாய்,
பச்சை வாழைக்குருத்தாய்,
மின்கட்டணத்தில்
பின்பக்க எழுத்தும் முன்னே தெரிந்து.
பல் டாக்டர் தேதி போன மாதமே போய்விட்டது.

மௌஸ் வலப்பக்கம் போகாமல் சுவரில் முட்டியது.
இரண்டு திரைக்கும் அமைப்பில் இடம் மாற்றிக் கொடுத்தேன்.
பிறகு அவரே ஒரு கல்யாணப் பதாகையைப் பிடித்து இழுத்தார்;
நடுவழியில் நின்றது:
மாப்பிள்ளை இந்தத் திரையில், பெண் அந்தத் திரையில்,
கோத்த கைகள் இரண்டு சட்டத்துக்கும் இடையே
எங்கேயோ.
சிரித்தார். சீட்டை மட்டும் எடுக்கவில்லை.
“பூசம் முடியட்டும்மா, வரிசை குழம்பிடும்.”
பெண்ணின் நெற்றியில்
அங்காளம்மன், வியாழன் காலை.

கம்பி முப்பத்தைந்து வெள்ளி, வேலைக்கு இருபது.
அறுபதைக் கொடுத்து மிச்சம் வேண்டாமென்றார்.
எட்டு மாதத்துக்கு எதிரே ஒரு நிமிடம் என்று
நான் கணக்குச் சொல்லவில்லை.

ஜாலான் ஈப்போ சிவப்பு விளக்கில் மறுபடி தூறல்.
மழைக்கோட்டைத் தேடிய கையில்
சட்டைப்பைக்குள் ரப்பர் மூடி தட்டுப்பட்டது.
ஒன்றல்ல, இரண்டு.
இரண்டையுமா கழற்றினேன்?

மூன்றாவது திரை வாங்கும் எண்ணம்
அவருக்கு உண்டா என்று
கேட்கக்கூட இல்லை.